"ஷாக் போயிடுச்சு" என்பதற்கு முன்: பழைய எம்.ஜி.பி.யில் அறிகுறி பார்த்துப் பிழை பிடிப்பது

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் எம்.ஜி.பி. என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் யாரிடம் பேசினாலும் ஐந்து நிமிடத்தில் பேச்சு, சக்கரத்தின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பரில் வந்து நிற்கும். வண்டி ஆடினால் ஷாக். தட்டினால் ஷாக். ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் அதற்கும் ஷாக். என்னுடையது 1969ஆம் வருடத்து ரோட்ஸ்டர் (திறந்த கூரை வண்டி), டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் என் வீட்டின் பின்புற ஷெட்டில் நிற்கிறது. இத்தனை வருடத்தில் நான் கழற்றிப் பார்த்த ஷாக்குகளில் பாதி, கழற்றியே இருக்க வேண்டாதவை. அதனால் பாகம் தேடுவதற்கு முன் அறிகுறியில் தொடங்குகிறேன்.

இந்த வண்டியின் அமைப்பு தெரியாமல் அறிகுறி புரியாது. 1962 முதல் 1980 வரை வந்த எம்.ஜி.பி.க்களின் நான்கு மூலையிலும் இருப்பது ஆம்ஸ்ட்ராங் லீவர் ஷாக். இன்றைய கார்களின் குழாய் ஷாக் மாதிரி இருக்காது. கையடக்கமான ஒரு வார்ப்புப் பெட்டி, அதற்குள் எண்ணெய், எண்ணெயில் இரண்டு பிஸ்டன், குறுக்கே ஒரு தண்டு. தண்டு வெளியே வரும் இடத்தில் ஒரு கை. சக்கரம் ஏறினால் கை தூக்கும், தண்டு திரும்பும், பிஸ்டன் எண்ணெயை ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு வால்வு வழியாகத் தள்ளும். வால்வு எவ்வளவு வேகமாக விடுகிறதோ அவ்வளவு வேகத்தில்தான் சக்கரம் அசையும்.

பின்னால் இருக்கும் இரண்டும் இந்த வேலையை மட்டும் செய்கின்றன. முன்னால் கதை வேறு. முன் ஷாக்கின் இரட்டைக் கைகள்தான் சக்கரத்தின் மேல் கைகளும். சக்கரம் இடம் வலம் திரும்பும் செங்குத்து அச்சான கிங் பின்னின் தலையைப் பிடித்துக்கொண்டிருப்பது அவைதான். வளைவில் திரும்பும்போதும் பிரேக் போடும்போதும் வரும் விசை அந்தத் தண்டின் மேலேயே வந்து விழுகிறது. மற்ற பல கார்களில் ஷாக் செத்தால் வண்டி ஆடும், அவ்வளவுதான். இதில் முன் ஷாக்கின் தண்டு தேய்ந்தால் சக்கரமே நிலை மாறும். இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே படியுங்கள்.

கை வைக்கும் முன் ஓர் எச்சரிக்கை. முன் ஸ்பிரிங் அழுந்திய நிலையில் அடியில் ஸ்பிரிங் பாத்திரத்தில் (ஸ்பிரிங்கின் அடியைத் தாங்கும் தட்டு) உட்கார்ந்திருக்கிறது. மேலே ஷாக்கின் கையைக் கழற்றினால் அந்த ஸ்பிரிங்கை அடக்கி வைக்க எதுவும் இல்லை. ஸ்பிரிங் பாத்திரத்துக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தாங்காமல் மேல் போல்ட்டைத் தொடவே கூடாது. பாடிக்குத் தனியாக ஸ்டாண்டு போட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகிறவரிடம் நான் எதுவும் பேசுவதில்லை, அவர் வீட்டில் இருப்பவர்களிடம்தான் பேசுவேன்.

வேகத்தடை தாண்டினால் மூக்கு இரண்டு மூன்று தடவை ஆடுகிறது

சாட்ஸ்வொர்த்தில் வேகத்தடைக்குப் பஞ்சமில்லை, எனவே இது சீக்கிரமே தெரிந்துவிடும். ஏறி இறங்கியதும் மூக்கு ஒரு தடவை எழுந்து அடங்க வேண்டும். தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே போனால் எண்ணெய் குறைந்திருக்கிறது, அல்லது எண்ணெயில் காற்று புகுந்திருக்கிறது, அல்லது வால்வில் அழுக்கு சிக்கியிருக்கிறது. இந்த வரிசையிலேயே பாருங்கள். மலிவானது முதலில்.

மட்கார்டை அமுக்கி விட்டுப் பார்க்கும் சோதனையை நான் பெரிதாக நம்புவதில்லை. பழைய ரப்பர் புஷ்களின் இறுக்கமே பாதி ஆட்டத்தை மறைத்துவிடும். பின் ஷாக்கென்றால் அதன் கையை ஆக்சிலோடு சேர்க்கும் இணைப்புக் கம்பியைக் கழற்றிவிட்டு, கையைப் பிடித்து மேலும் கீழும் மெதுவாக முழுத் தூரம் அசைத்துப் பாருங்கள். கெட்டித் தேனுக்குள் கரண்டி விட்டுக் கிளறுகிற மாதிரி, இரண்டு பக்கமும் ஒரே சீராக எதிர்க்க வேண்டும். தொடக்கத்தில் கொஞ்ச தூரம் சும்மா போய்ப் பிறகு பிடித்தால் உள்ளே காற்று. போகும் வழியெல்லாம் சும்மா போனால் எண்ணெய் இல்லை அல்லது வால்வு போச்சு. நடுவில் ஓரிடத்தில் மட்டும் தடுக்கினால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. அதைத் திருப்பி மாட்ட வேண்டாம்.

எண்ணெய் ஊற்றுவதற்கு முன் மூடியைச் சுற்றி இருக்கும் மண்ணைப் பிரஷ்ஷால் நன்றாகத் துடையுங்கள். ஒரு மணல் துகள் போதும் வால்வைத் திறந்தே வைக்க. மூடித் துளையின் அடி விளிம்பு வரை ஊற்றி, கையை முழுத் தூரம் ஏற்றி இறக்கி, குமிழி நிற்கும்வரை திரும்ப ஊற்றுங்கள். பொறுமை வேண்டிய வேலை. பின் ஷாக்கை வண்டியில் வைத்தே ஊற்றலாம் என்று முயன்று பாதி எண்ணெயை ஆக்சில் மேல் அபிஷேகம் செய்தவன் நான். கழற்றி, வைஸில் நிமிர்த்திப் பிடித்து ஊற்றுவதே சுலபம்.

என்ன எண்ணெய்? அந்தக் காலக் கையேடு சொல்வது ஆம்ஸ்ட்ராங் 624 ஷாக் எண்ணெய். அது கிடைக்காவிட்டால் எஸ்.ஏ.இ. 20 தடிமனுள்ள நல்ல மினரல் எண்ணெய் போதும், கடுங்குளிர்ப் பிரதேசத்துக்கு மட்டும் அது ஆகாது என்றும் அதே கையேடு சொல்கிறது. டர்பன் வெயிலில் அந்தக் கவலை இல்லை. ஜூலைக் குளிரில் வான் ரீனன் கணவாய் ஏறி ஃப்ரீ ஸ்டேட் போகிறவர் மட்டும் கொஞ்சம் மெல்லிய எண்ணெய் பார்த்துக்கொள்ளலாம். நான் மோட்டார் சைக்கிள் ஃபோர்க்குக்கு ஊற்றும் 20 எண்ணெய் விடுகிறேன். ஹைட்ராலிக் ஜாக்கி எண்ணெய் ஊற்றுகிறவர்களும் உண்டு, அது கொஞ்சம் மெல்லியது, வண்டி மென்மையாகப் போகும். பிரேக் எண்ணெய் மட்டும் ஒருபோதும் கூடாது, சீலைக் கெடுத்துவிடும்.

பெட்டியைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு

இதில்தான் அதிகம் ஏமாறுகிறோம். லீவர் ஷாக்கின் மேல் லேசான ஈரம் இருப்பது பல்லாண்டு ஓடிய வண்டியில் சகஜம், அதன் மேல் தூசு படிந்து கறுப்பாகத் தெரியும். துடைத்துவிட்டு, உலர்ந்த துணியால் தேய்த்து, ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். தண்டு வெளியே வரும் இடத்தில் புதுச் சொட்டு தொங்கினால் அது கசிவு. மூடியைச் சுற்றி மட்டும் ஈரமென்றால் வாஷரை மாற்றினால் தீர்ந்தது.

பின்னால் ஈரம் கண்டால் இன்னொரு சந்தேகமும் பட வேண்டும். சக்கரத்தின் உள்பக்கமும் பிரேக் தட்டும் நனைந்திருந்தால் அது ஆக்சில் எண்ணெயாகவோ பிரேக் எண்ணெயாகவோ இருக்கலாம். ஆக்சில் எண்ணெயில் ஒரு கந்தக நாற்றம் வரும், விரலில் ஒட்டும். பிரேக் எண்ணெய் தண்ணீரில் கரைந்து போகும், பெயின்ட்டைத் தின்னும். இவை இரண்டும் ஷாக்கை விட அவசரமான பிழைகள்.

தண்டில் கசிகிறதென்று உறுதியாகிவிட்டால் எண்ணெய் மட்டும் ஊற்றிக்கொண்டே இருப்பது ஓட்டைக் குடத்தில் நீர் இறைப்பதுதான். சீல் தானாகக் கெடுவது குறைவு. தண்டு உட்காரும் துளை தேய்ந்து, தண்டு ஆட, அந்த ஆட்டம் சீலைக் கிழிக்கிறது. புது சீல் போட்டாலும் ஆட்டம் இருக்கும்வரை கொஞ்ச நாளில் பழைய கதை.

சின்னச் சின்ன மேடுகளில் 'டக் டக்'

முதலில் போல்ட்டுகளைப் பாருங்கள். முன் ஷாக் நான்கு போல்ட்டுகளால் கிராஸ்மெம்பர் (முன் சக்கரங்களுக்கு நடுவே குறுக்கே போகும் சட்டம்) மேல் உட்கார்ந்திருக்கிறது, பின் ஷாக் இரண்டு போல்ட்டுகளால் சட்டத்தில் பிடித்திருக்கிறது. ஒன்று தளர்ந்தாலும் சத்தம் வரும். டர்பன் கடற்காற்றில் எஃகு போல்ட்டும் அலுமினிய வார்ப்பும் சேர்ந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூக்கும். இறுகியிருக்கிற மாதிரி தோன்றும், ஸ்பானர் வைத்தால் கால் சுற்று திரும்பும். திரும்பிக்கொண்டே இருந்தால் மரை தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அது ஷாக்கின் பிழையில்லை, கிராஸ்மெம்பரில் மரை புதுப்பிக்க வேண்டும்.

பின்னால் இணைப்புக் கம்பியின் ரப்பர் முனைகள். வண்டிக்கு அடியில் கை விட்டுக் கம்பியைப் பிடித்துக் குலுக்குங்கள். சத்தம் கையிலேயே தெரியும். அந்த ரப்பரைத் தனியாக மாற்ற முடியாது, கம்பி முழுவதையும் மாற்ற வேண்டும். வாங்கும்போது பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து நீளம் பாருங்கள். 1974இன் கடைசியில் ரப்பர் பம்பர் வந்தபோது வண்டியின் உயரத்தை ஏற்றினார்கள், அதற்கு முன்பும் பின்பும் வந்த வண்டிகளின் பாகங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது.

முன்னால் என்றால், ஷாக்கின் கைகளும் கிங் பின்னும் சேரும் இடத்தில் இருக்கும் டிரனியன் புஷ். பத்தில் ஏழு தடவை குற்றவாளி அதுதான் என்பது என் அனுபவம். ஷாக்கை விட அது மிக மலிவு.

ஸ்டியரிங் அலைகிறது, டயரின் ஓரம் தேய்கிறது, அலைன்மென்ட் செய்தும் நிற்கவில்லை

இதற்குத்தான் இந்தக் கட்டுரையே.

இந்த வண்டியில் அலைன்மென்ட் கடைக்காரர் மாற்றக்கூடியது ஒன்றே ஒன்று: இரண்டு முன் சக்கரங்களும் ஒன்றையொன்று பார்க்கும் கோணம். சக்கரம் உள்ளே வெளியே சாயும் கோணத்தைத் திருகி மாற்ற இதில் வழியே இல்லை. அதைப் பிடித்து வைத்திருப்பது புஷ்களும் ஷாக்கின் தண்டும். ஆக, தண்டு ஆடினால் கணினி காட்டும் எண் ஒவ்வொரு தடவையும் வேறாக இருக்கும். "மாமா, மெஷின்ல எல்லாம் பச்சை காட்டுது" என்பான் கடைப் பையன். பச்சை காட்டும். அடுத்த குழி வரை.

சோதனை இப்படி. ஸ்பிரிங் பாத்திரத்துக்கு அடியில் ஜாக்கி கொடுத்து டயர் தரையை விட்டு ஒரு விரல் எழும்பும் அளவுக்குத் தூக்குங்கள். பாடியைத் தூக்கினால் கைகள் முழுக்கத் தொங்கி, ரப்பர் தடுப்பில் அழுந்தி, ஆட்டம் மறைந்துபோகும். உதவிக்கு ஒருவர் டயரின் உச்சியையும் அடியையும் பிடித்துத் தள்ளி இழுக்கட்டும். நீங்கள் டார்ச்சோடு உள்ளே பாருங்கள். ஆட்டம் தெரிந்தால், உதவியாளரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு இன்னொருவர் டயரை ஆட்டட்டும். மிதித்ததும் ஆட்டம் காணாமல் போனால் அது சக்கர பேரிங். மிதித்தும் இருந்தால் எங்கே என்று விரலால் தேடுங்கள். கைக்கும் கிங் பின்னுக்கும் நடுவில் விரலை வையுங்கள்: அங்கே அசைந்தால் டிரனியன் புஷ். கிங் பின்னே அதன் உறையில் அசைந்தால் பிழை கிங் பின்னில்தான். கிரீஸ் அடிக்காத வண்டியில் அதுதான் முதலில் போகும். கடைசியாக, ஷாக் பெட்டிக்கும் கைக்கும் நடுவில், தண்டு வெளியே வரும் இடத்தில் விரல் நுனியை வையுங்கள். அங்கே தண்டு மேலும் கீழும் ஏறி இறங்குவது விரலுக்குத் தெரிந்தால், அந்த ஷாக்கின் துளை தேய்ந்துவிட்டது. எண்ணெய் நிறைந்திருக்கலாம், வண்டி ஆடாமலும் இருக்கலாம். இருந்தும் அது போய்விட்ட ஷாக்தான்.

கார் கைமாறும்போது, வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்று சொல்லும் ரோட்வொர்த்தி சான்றிதழுக்காகச் சோதனை நிலையத்துக்குப் போக வேண்டும். கசியும் ஷாக்கை அங்கே பிடித்துவிடுவார்கள். இந்தத் தண்டு ஆட்டத்தை, பழைய வண்டி தெரிந்த ஒருவர் கையில் மாட்டினால்தான் பிடிப்பார். ஆகவே பழைய எம்.ஜி.பி. வாங்கப் போகிறவர் சான்றிதழைப் பார்த்துத் திருப்திப்படாமல் ஜாக்கியோடு போகவும்.

ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது

ஷாக் இல்லை. லீவர் ஷாக் வண்டியின் எடையைத் தாங்குவதே கிடையாது, தாங்குவது ஸ்பிரிங். சமதரையில் நிறுத்தி, சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதுங்கள். பின்னால் குறைந்தால் பட்டை ஸ்பிரிங், முன்னால் குறைந்தால் சுருள் ஸ்பிரிங். டிரைவர் பக்கம் தாழ்வது இந்த வண்டியின் பிறவிக் குணம் மாதிரி. ஐம்பது வருடமாக ஒருவர் அந்தப் பக்கம் மட்டும் உட்கார்ந்தால் வேறென்ன ஆகும்?

கல் மாதிரி தூக்கிப் போடுகிறது

டயரின் காற்றைப் பாருங்கள், முதலில் அதைத்தான். பெட்ரோல் அடிக்கும் கராஜில் பையன் எல்லாக் காருக்கும் போடுகிற மாதிரி 2.2 பார் போட்டிருப்பான். ரேடியல் டயர் போட்ட ரோட்ஸ்டருக்கு அந்தக் காலக் கையேடு சொல்வது முன்னால் 21, பின்னால் 24 பி.எஸ்.ஐ. பாரில் சொன்னால் ஏறக்குறைய ஒன்றரையும், ஒன்றே முக்காலுக்குச் சற்றுக் குறைவும். இதை மட்டும் சரிசெய்து, புது ஷாக் வாங்கும் செலவை மிச்சம் பிடித்தவர்கள் எனக்கு மூன்று பேர் தெரியும்.

காற்று சரியென்றால், உங்களுக்கு முன்பு வண்டியை வைத்திருந்தவர் கியர் பெட்டி எண்ணெயை ஷாக்கில் ஊற்றியிருக்கலாம். கசிவை நிறுத்த இது பழைய தந்திரம். வால்வு வழியாக அது போகாது, ஷாக் பூட்டிக்கொண்டது போல் நிற்கும், அடி முழுவதும் பாடியில் ஏறும். வடித்து, மெல்லிய எண்ணெயால் இரண்டு மூன்று தடவை கழுவி, சரியானதை நிரப்புங்கள்.

கரும்புத் தோட்ட மண் சாலையில் பின்புறம் பக்கவாட்டில் துள்ளுகிறது

டோங்காட், வெருலம் பக்கம் பழைய ஆர்102 சாலையை விட்டு மண் வழியில் இறங்கியவர்களுக்குத் தெரியும். தகரக் கூரை மாதிரி வரி வரியாக இருக்கும் மண்ணில் பின் ஆக்சில் தனக்கென்று ஒரு தாளம் போடும். பின்னால் இருப்பது ஒரே கனத்த ஆக்சில், பட்டை ஸ்பிரிங். அடக்க வேண்டியது இரண்டு சின்ன லீவர் ஷாக். ஒரு பக்கம் மட்டும் செத்திருந்தால் துள்ளல் ஒரு பக்கமாக இழுக்கும். கம்பியைக் கழற்றி இரண்டையும் கையால் ஒப்பிடுங்கள்.

இரண்டும் நன்றாக இருந்தும், முதல் பத்து கிலோமீட்டர் சரியாக ஓடிவிட்டு அப்புறம் துள்ளத் தொடங்கினால், அது சூடு. அந்தப் பெட்டியில் இருக்கும் எண்ணெய் கொஞ்சம்தான். சூடேறினால் தண்ணீர் மாதிரி இளகிவிடும். அதற்கு மருந்து மெதுவாகப் போவது.

மாற்று தேடுவது

மேலே சொன்ன சோதனைகளில் தண்டு ஆட்டமோ வால்வோ உறுதியானால்தான் இந்தப் பகுதி உங்களுக்கு.

நான் செய்த தவறைச் சொல்கிறேன். முதல் தடவை முன் ஷாக் இரண்டும் போனபோது, பளபளவென்று பெயின்ட் அடித்த 'மறுசீரமைத்த' ஜோடி ஒன்றை வாங்கினேன். கடைக்காரர் என் பழைய ஜோடியை மாற்றாகக் கேட்டார். குப்பைதானே என்று கொடுத்துவிட்டேன். நான்கு மாதத்தில் தண்டில் சொட்டு. கழற்றி எடுத்துக்கொண்டு கிளேர்வுட்டில் ஒரு பட்டறைப் பெரியவரிடம் போனேன். எங்கள் எல்லோருக்கும் அவர் மாமாதான். வாங்கிப் பார்க்கவேயில்லை. கையைப் பிடித்து ஒரு தடவை பக்கவாட்டில் ஆட்டினார். 'கிளுக்' என்றது.

"எவ்ளோ குடுத்தே?"

சொன்னேன்.

"பெயின்ட்டுக்கா இவ்ளோ காசு? துளையைத் தொடவேயில்லப்பா அவன். ஒன்னோட பழசு எங்க?"

"மாத்துக்குக் குடுத்துட்டேன் மாமா."

அவர் அப்புறம் ஒன்றும் பேசவில்லை. டீ வந்தது, குடித்தோம்.

மறுசீரமைப்பு என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அன்று கற்றேன். கைகளைக் கழற்றி, தண்டை வெளியே எடுத்து, தேய்ந்த துளையைக் கடைசல் பிடித்துப் பெரிதாக்கி, அதில் புது புஷ் அடித்து, தண்டின் அளவுக்குச் சரியாகக் குடைந்து, தண்டில் பள்ளம் விழுந்திருந்தால் அதையும் மெருகேற்றி அல்லது மாற்றி, புது சீல் போட்டு, வால்வைப் பிரித்துக் கழுவிச் சேர்க்க வேண்டும். வெளியே பெயின்ட், உள்ளே புது எண்ணெய் என்பது மறுசீரமைப்பு இல்லை, ஒப்பனை. விற்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "துளையில் புஷ் போட்டீர்களா?" நேராகப் பதில் வராவிட்டால் வாங்காதீர்கள். பதில் வந்தாலும் கையைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள்.

இதிலிருந்தே அடுத்தது: உங்கள் பழைய ஷாக்தான் உங்களிடம் இருக்கும் முதல்தரச் சரக்கு. பெட்டி வெடித்திருந்தால் ஒழிய அதை யாருக்கும் கொடுக்காதீர்கள். உங்கள் வருட வண்டிக்கென்று வந்தது அதுதான். ஆம்ஸ்ட்ராங் பெயரும் எண்களும் பெட்டியிலேயே இருக்கும். அதைப் படம் எடுத்து வையுங்கள். உங்கள் ஜோடியையே கொடுத்து, உங்கள் ஜோடியையே திரும்ப வாங்கும் வழி கிடைத்தால், காத்திருக்க வேண்டியிருந்தாலும் அதுதான் நல்லது. நல்ல கடைசல் பட்டறையும் பழைய வண்டி தெரிந்த ஒருவரும் சேர்ந்தால் இந்த வேலையை இங்கேயே செய்யலாம். எனக்கு இரண்டாவது ஜோடி அப்படித்தான் வந்தது.

அது முடியாதபோது இங்கிலாந்து அல்லது அமெரிக்காவிலிருந்து வரவழைப்பது. அதில் இரண்டு கணக்கு. ஒன்று, வரி. வாட் 15 சதவீதம் பொருளின் விலைக்கு மட்டும் இல்லை: விலையோடு அதில் 10 சதவீதத்தைக் கூட்டி, சுங்கத் தீர்வையையும் கூட்டி, வரும் தொகைக்கு 15. சரக்கின் சுங்க மதிப்பு 4,000 ராண்ட், தீர்வை ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொண்டால்கூட 4,400க்கு 660 ராண்ட். இதற்கு மேல் கூரியர்காரர் தன் கட்டணத்தையும் போடுவார். நான்கு ஷாக் சேர்ந்தால் எடை நன்றாகவே இருக்கும். இரண்டு, பயன்படுத்திய பாகங்களை இந்த நாட்டுக்குள் கொண்டுவர சர்வதேச வணிக நிர்வாக ஆணையத்தின் இறக்குமதி அனுமதி வேண்டும், அதுவும் சரக்கு கிளம்பும் முன்பே. பழைய பெட்டியில் செய்த ஷாக்கை எந்த வகையில் எழுதி அனுப்புகிறார்கள் என்று விற்பவரிடமும், இங்கே சரக்கு விடுவிக்கும் ஏஜென்டிடமும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். துறைமுகத்தில் வைத்துக் கேட்டால் வாடகை ஏறும்.

ஸ்கிராப் யார்டில் கிடைப்பவை பற்றி ஒரு வார்த்தை. மோரிஸ் மைனர், எம்.ஜி. மிட்ஜெட், எம்.ஜி.ஏ., ஆஸ்டின் ஹீலி என்று அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் ஆம்ஸ்ட்ராங் லீவர்தான். பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். கையின் நீளமும் வால்வின் பலமும் வேறு. போல்ட் துளை பொருந்துகிறதே என்று மாட்டிவிடாதீர்கள். பின் ஷாக்குகளில் இடதும் வலதும் வேறு என்பதையும் கவனியுங்கள். ஒரு நண்பர் இரண்டு இடது வாங்கி வந்தார், இப்போது ஒன்று அவர் மேசையில் காகிதம் பறக்காமல் காக்கிறது.

குழாய் ஷாக்குக்கு மாற்றலாமா?

பின்னால் மாற்றுவதற்கான செட்டுகள் உண்டு, லீவர் ஷாக் உட்காரும் அதே துளைகளில் ஒரு பிராக்கெட்டை மாட்டிக் குழாய் ஷாக்கைத் தொங்கவிடுவார்கள். எதையும் வெட்ட வேண்டாம், பிடிக்காவிட்டால் திரும்பலாம். மண் சாலையில் நிறைய ஓட்டுகிறவர் செய்தால் நான் குறை சொல்ல மாட்டேன். பழைய ஜோடியை எண்ணெயோடு நிமிர்த்தி ஒரு பெட்டியில் வைத்திருங்கள், வண்டியை விற்கும் நாளில் வாங்குகிறவர் முதலில் அதைத்தான் கேட்பார்.

முன்னால் விஷயம் வேறு. முன் குழாய் ஷாக் செட்டுகளில் ஒரு வகை, லீவர் ஷாக்கின் வால்வை மட்டும் எடுத்துவிட்டு, பெட்டியையும் கைகளையும் அப்படியே மேல் கையாக வைத்துக்கொள்ளும். தேய்ந்த துளை அப்படியே இருக்கும். எதற்காக மாற்றினோமோ அந்தப் பிழை புது ஷாக்குக்குப் பக்கத்தில் சுகமாக உட்கார்ந்திருக்கும். முதலில் துளையைச் சரிசெய்யுங்கள். செய்த பிறகு குழாய் ஷாக்கே வேண்டாம் என்று தோன்றக்கூடும், எனக்குத் தோன்றியது.

மாட்டிய பிறகும் அதே புகார்

புதிதாக வந்த ஷாக் படுத்தபடி பயணம் செய்திருக்கும், உள்ளே காற்று கலந்திருக்கும். மாட்டும் முன் வைஸில் நிமிர்த்தி, கையைப் பத்துப் பன்னிரண்டு தடவை முழுத் தூரம் ஓட்டி, எண்ணெய் அளவைப் பார்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும். அவசரத்தில் இதை விட்டவர்கள்தான் "புதுசும் போச்சு" என்று போன் செய்கிறவர்கள். முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று மாற்றாமல், ஒரே அச்சில் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

டிரனியன் போல்ட்டையும், புஷ் இருக்கும் மற்ற போல்ட்டுகளையும் சக்கரம் தொங்கும்போது இறுக்க வேண்டாம். வண்டியைத் தரையில் இறக்கி, எடை ஏறிய நிலையில் இறுக்குங்கள், இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். கிங் பின்னுக்குக் கிரீஸ் அடிக்கும் முனைகள் ஒரு பக்கத்துக்கு மூன்று, ஷாக் மாற்றிய கையோடு அதையும் செய்துவிடுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியதும் முன்னால் அந்த நான்கு போல்ட்டுகளுக்கும், பின்னால் இரண்டுக்கும், டார்க் ஸ்பானரை (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) கையேட்டு அளவுக்கு வைத்து இன்னொரு தடவை பாருங்கள். என் வண்டியில் வலது முன்பக்கத்து உள் போல்ட் ஒன்று கால் சுற்று எடுத்துக்கொண்டது.